மூன்றாம் சரணம்

போலந்தில் கிருட்ஜோன்ட்ஸ் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் மிர்க்கா பாடாத கல்யாண மண்டபம் கிடையாது. சனிக்கிழமைகளில் பாட்டு, மற்ற நாட்களில் திரைச்சீலைக் கடையில் வேலை. விருந்தினர்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்து "கசக்குது! கசக்குது!" என்று கத்துவார்கள், மணமக்கள் முத்தமிட்டால்தான் அவர்கள் வாயில் கசப்புத் தீரும். அந்தக் கூச்சல் அடங்கியதும் மிர்க்கா மைக்கைப் பிடிப்பாள். அவள் குரலில் கொஞ்சம் கரகரப்பு உண்டு. ரயிலேறிப் போனவனையும் போருக்குப் போனவனையும் பற்றி அவள் பாடினால், வறுத்த வாத்தை முடித்துவிட்டு அடுத்த தட்டுக்குக் காத்திருக்கும் மாமாக்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள்.

பக்கத்தில் நின்று கிதார் வாசிப்பவன் அவள் கணவன் விட்டோல்ட். எல்லோருக்கும் விட்டெக். வாரநாட்களில் அவன் வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுதுபார்ப்பான். இன்னொரு பக்கம் அக்கார்டியனோடு ஜிகா. பருத்த உடம்பு, ஓயாத வாய். பள்ளிக்கூட நாளிலிருந்தே விட்டெக்கின் தோழன்.

விட்டெக் பாட்டும் கட்டுவான். பெரும்பாலும் ஆட்டத்துக்கான பாட்டுகள்தான். ஒன்றே ஒன்றை மட்டும் அவன் எந்த மேடையிலும் பாடியதில்லை. அது மிர்க்காவுக்காகக் கட்டியது. கல்யாணத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் இருவரும் விஸ்துலா ஆற்றுப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தபோது, கழற்றிக் கையில் வைத்திருந்த அவளுடைய கையுறை ஒன்றைக் காற்று பறித்து ஆற்றில் போட்டுவிட்டது. புதுக் கையுறை. அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். விட்டெக் அவளுடைய வெறுங்கையைப் பிடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். அடுத்த வாரமே பாட்டு வந்துவிட்டது.

*பாலத்தின் நடுவே பனிக்காற்று*
*உன் கையுறை ஒன்றைப் பறித்தது.*
*ஆற்றுக்கு அது போகட்டும் என்றேன்,*
*அந்தக் கை இனி எனக்கு என்றேன்.*

இரண்டு சரணங்கள் இருந்தன. மூன்றாவது வரவே இல்லை. ஒவ்வொரு வருடமும் அவள் பெயர்த் திருநாளன்று, அதாவது அவள் பெயருக்குரிய புனிதரின் நாளில், கேக்கை வெட்டி, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, சமையலறையில் உட்கார்ந்து மெல்லிய குரலில் அவளுக்கு மட்டும் பாடுவான். இரண்டாம் சரணத்தோடு நிறுத்திவிடுவான்.

"எப்பதான்டா முடிப்ப?" என்று அவள் கேட்பாள்.

"நம்ம கதையே இன்னும் முடியலையே மிர்க்கா. பாட்டு மட்டும் எப்படி முடியும்?"

அந்தப் பதிலுக்காகவே அவள் வருடா வருடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

பிப்ரவரி பதினாலு என்றால் மட்டும் விட்டெக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைகளில் சிவப்பு இதயங்கள் தொங்க ஆரம்பித்ததுமே புலம்பத் தொடங்கிவிடுவான். "நமக்கு ஜூன்ல யோவான் ராத்திரி இருக்கு. பொண்ணுங்க பூமாலை கட்டி ஆத்துல விடுவாங்க, பசங்க தண்ணில குதிச்சுப் பிடிப்பாங்க. அது காதல். பிப்ரவரில மூக்கு ஒழுக ஒழுக, அமெரிக்காக்காரன் சொன்னான்னு சாக்லேட் டப்பாவைத் தூக்கிட்டு நிக்கறது காதலா?" அந்த நாளில் யார் கூப்பிட்டாலும் வாசிக்கப் போகமாட்டான். "வருஷம் பூரா பொண்டாட்டியத் திட்டறவனுக்குத்தான் இந்த ஒரு நாள் வேணும். எனக்கெதுக்கு?" என்பான். மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்துக்கு மட்டும், தன் அப்பா செய்ததைப் போல, ஒற்றைக் கார்னேஷன் பூவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பான்.

மிர்க்காவுக்கு இதில் பெருமைதான். கடையில் உடன் வேலை செய்யும் பெண்கள் இரவு விருந்து, ரோஜாக்கொத்து என்று பேசும்போது, "எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதுப்பா" என்று தலையை நிமிர்த்திச் சொல்வாள். மகள் லிட்கா சின்னவளாக இருந்தபோது, பள்ளியில் வைத்த வாலண்டைன் தபால்பெட்டியிலிருந்து யாரோ ஒரு பையன் எழுதிய இதய அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. விட்டெக் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கடைக்காரனுக்குத்தான் உன்மேல காதல்" என்றான். குழந்தை அழுதது. மிர்க்கா கணவன் பக்கம்தான் நின்றாள். "அப்பா சொல்றது சரிதான்டி" என்றாள்.

சில வருடங்களாக அந்தத் தேதியில் விட்டெக்குக்கு வெளியூரில் அவசர வேலை வந்துவிடும். கடுங்குளிர் மாதம், பாய்லர்கள் அப்போதுதான் படுத்துக்கொள்ளும். மிர்க்கா சாண்ட்விச் கட்டி, தெர்மாஸில் டீ ஊற்றி அனுப்பிவைப்பாள்.

அந்த வருடமும் அப்படித்தான். "டோருன்ல ஒரு பெரிய வீடு. குழந்தைங்க குளிர்ல கிடக்குதாம். வர்றதுக்கு நேரமாகும்" என்று சொல்லிவிட்டு அவன் காலையிலேயே கிளம்பினான். அவன் போன கொஞ்ச நேரத்தில் ஜிகா போன் செய்தான். ஹெல்ம்னோவில், சந்தைச் சதுக்கத்துப் பக்கம் ஒரு உணவகத்தில் அன்று மாலை காதல் பாட்டு நிகழ்ச்சி. பாட வேண்டியவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"விட்டெக்குக்குப் பிடிக்காதே" என்றாள் மிர்க்கா.

"அவன்தான் டோருன் போயிட்டானே. நீ பாடினா அவன் காதுல விழவா போகுது? வா மிர்க்கா, நான் தனியா மாட்டிக்கிட்டேன்."

அவள் போனாள். காரில் போகும்போது மனம் உறுத்தியது. இத்தனை வருடத்தில் கணவனிடம் சொல்லாமல் ஒரு நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொண்டதில்லை. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும், கோபப்பட்டால் படட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹெல்ம்னோவில் அன்று திருவிழாக் கூட்டம். புனித வாலண்டைனின் திருப்பண்டம், அவருடைய எலும்பின் ஒரு துண்டு, அந்த ஊர்க் கோயிலில்தான் இருக்கிறது; எனவே அந்த நாளை யாரும் அங்கே அமெரிக்காக்காரனுடையது என்று சொல்வதில்லை. திருப்பலி முடிந்து வெளியே வந்த ஜோடிகள் மூலிகை ரொட்டியைப் பிட்டு ஆளுக்குப் பாதியாகத் தின்றபடி சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

உணவகத்துக்காரர் மிர்க்காவைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அழுகைப் பாட்டு வேணாம்மா. ஜனங்க சாப்பிடணும்."

"அப்ப போலந்துப் பாட்டே வேணாம்னு சொல்லுங்க" என்றான் ஜிகா. "நம்ம காதல் பாட்டுல எவன் சேர்ந்து வாழ்ந்திருக்கான்? ஒண்ணு அவன் சாவான், இல்ல அவ ஆத்துல விழுவா, இல்ல ரயில் கிளம்பிடும். சந்தோஷமான பாட்டுக்கு டார்ச் லைட் அடிச்சுத் தேடணும்."

தேடி ஏழெட்டுப் பாட்டு பிடித்தார்கள். அறை நிரம்பியிருந்தது. மிர்க்கா பாடினாள், ஜோடிகள் கையைக் கோத்துக்கொண்டு கேட்டார்கள். பல் போன ஒரு கிழவர் தன் மனைவிக்குக் கரண்டியால் கேக் ஊட்டினார். பார்க்கப் பார்க்க மிர்க்காவுக்கே கொஞ்சம் மனம் இளகியது. இதில் அப்படி என்ன தப்பு, என்று தோன்றியது.

இடையில், விருப்பமுள்ளவர்கள் மேடைக்கு வந்து தங்கள் ஆளுக்காகப் பாடலாம் என்று உணவகத்துக்காரர் அறிவித்தார். இரண்டு இளைஞர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அடுத்து முன்வரிசை மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கூச்சமான சிரிப்பு. மிர்க்காவுக்கு அவளைப் பார்த்ததும் பிடித்துப்போனது.

"பாடகியம்மா, ஒரு உதவி. இந்தப் பாட்டு யாருக்கும் தெரியாது, அவரே கட்டினது. காரை நிறுத்திட்டு ரொட்டி வாங்கப் போயிருக்கார். அவர் உள்ள வரும்போது நான் பாடிட்டிருக்கணும். நான் மனப்பாடம் பண்ணது அவருக்குத் தெரியாது."

"பாடும்மா. நீ முனகிக் காட்டு, ஜிகா பிடிச்சுப்பான்."

அவள் மைக்கை வாங்கினாள். "என் பேரு கொர்னேலியா. எங்களைச் சேர்த்துவச்சது வாலண்டைன் இல்ல, என் வீட்டு பாய்லர். அது ரிப்பேர் ஆகலைன்னா அவர் என் வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டார்." எல்லோரும் சிரித்தார்கள். மிர்க்காவும் சிரித்தாள். விட்டெக்கிடம் சொன்னால் ரசிப்பான் என்று நினைத்தாள்.

கொர்னேலியா பாட ஆரம்பித்தாள்.

*பாலத்தின் நடுவே பனிக்காற்று...*

மிர்க்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தன் சமையலறையில் கேட்கிற பாட்டு இந்த அறையில் எப்படிக் கேட்கிறது என்றுதான் தோன்றியது. ஏதாவது கல்யாணத்தில் குடித்துவிட்டுப் பாடியிருப்பானோ? யாராவது காதில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்களோ? ஜிகா மெட்டைப் பிடித்து மென்மையாக வாசித்தான். அவனுக்கு அது புதுப் பாட்டு. கையுறை காற்றில் போயிற்று. ஆறு அதை வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, தன்னுடைய கையுறையே போனதுபோலப் பாடினாள்.

இரண்டாம் சரணத்தின் நடுவில் அவளுக்கு ஒரு வரி மறந்துவிட்டது. திணறினாள். மிர்க்காவின் வாய் தானாகத் திறந்து அந்த வரியை எடுத்துக் கொடுத்தது. இத்தனை கல்யாணங்களில் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்த வாய் அது. கொர்னேலியா வியப்போடு திரும்பிப் பார்த்துவிட்டு, தலையசைத்து, தொடர்ந்து பாடினாள். இரண்டு குரலும் சேர்ந்து சரணத்தை முடித்தன. கூட்டம் கை தட்டத் தொடங்கியது.

ஆனால் பாட்டு முடியவில்லை.

*கையுறை கடல்வரை போயிருக்கும்,*
*நம் தலையிலும் பனி விழுந்திருக்கும்.*
*ஆற்றிடம் கேட்டேன், திருப்பித் தா என்று;*
*கையை முதலில் விடு என்றது.*

மிர்க்கா வாயை மூடிக்கொண்டாள். இந்த வரிகள் அவளுக்குத் தெரியாது. அவை அவ்வளவு பொருத்தமாக இருந்தன என்பதுதான் அவள் நெஞ்சில் குத்தியது. இத்தனை வருடமாக அந்தச் சமையலறையில் அவள் காத்திருந்தது இந்த நான்கு வரிகளுக்குத்தான். நன்றாக வந்திருந்தன. அவனால் முடிந்திருக்கிறது.

கதவு திறந்தது. ரொட்டிப் பையோடு விட்டெக் உள்ளே வந்தான். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டை. மேடையைப் பார்த்தான். கொர்னேலியாவைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய முகம், பக்கத்தில் நிற்பவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. பாட்டு முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். விட்டெக் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவனும் கை தட்டினான்.

கொர்னேலியா ஓடிப்போய் அவனைக் கையைப் பிடித்து மேடைப்பக்கம் இழுத்துவந்தாள். "விட்டெக், இந்த அம்மாவுக்கு உன் பாட்டு தெரியும்! நான் மறந்த வரியை எடுத்துக் கொடுத்தாங்க! எப்படிங்க தெரியும் உங்களுக்கு?"

மிர்க்கா கணவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்வான், குறைந்தது தலையையாவது குனிவான் என்று பார்த்தாள்.

விட்டெக் தொண்டையைச் செருமிக்கொண்டான். "நல்லாப் பாடினீங்க மேடம்" என்றான்.

அவளுக்குக் காதில் விசில் அடித்தது. "நன்றி" என்றாள். "கடைசிச் சரணம் எப்ப எழுதினீங்க?"

"போன இலையுதிர் காலத்துல, என் பிறந்தநாளுக்கு" என்று கொர்னேலியாதான் சொன்னாள். "கையுறை கதையெல்லாம் சும்மா கற்பனை, நான் எதையும் தொலைக்கல. இருந்தாலும் எவ்வளவு அழகா இருக்கு, இல்ல?"

அக்கார்டியன் விகாரமாக ஒரு சத்தம் போட்டது. ஜிகா எழுந்து நின்றிருந்தான்; முகம் பீட்ரூட் போலச் சிவந்திருந்தது. "மேடமா? டேய், மேடமாடா? உன் பொண்டாட்டிடா அவ!"

முன்வரிசையில் கரண்டிகள் நின்றன. கொர்னேலியா விட்டெக்கின் கையை விட்டாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது.

"பொண்டாட்டி அயர்லாந்து போயிட்டான்னு சொன்னியே" என்றாள். "அங்கயே வேற ஒருத்தனைக் கட்டிக்கிட்டான்னு சொன்னியே."

கொர்னேலியா மிர்க்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். சொல்ல முடியாமல் நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கதவு ஆடியது. விட்டெக் ரொட்டிப் பையை மேஜையில் வைத்துவிட்டு, "கொர்னேலியா! நில்லு, சொல்றதைக் கேளு!" என்று அவள் பின்னால் ஓடினான்.

அவள் பின்னால்தான் ஓடினான். மிர்க்கா அதையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உணவகத்துக்காரர் கையைப் பிசைந்தபடி வந்தார். "அம்மா, நிறுத்திக்கலாமா?"

"எதுக்கு? ஜனங்க சாப்பிடணும்னீங்களே" என்றாள் மிர்க்கா. தண்ணீர் குடித்தாள். ஜிகாவைப் பார்த்து அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னாள். மீதமிருந்த எல்லாப் பாட்டையும் பாடினாள், சந்தோஷமான பாட்டுகள் அத்தனையும். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. பல் போன கிழவரின் மனைவி மட்டும் அவளை அண்ணாந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஜிகா வாய் திறக்கவில்லை. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"சந்தேகம் இருந்துச்சு."

"ஜிகா."

அவன் கொஞ்ச தூரம் ஓட்டினான். "தெரியும். பாட்டு விஷயம் சத்தியமாத் தெரியாது. ஒருத்தி இருக்கான்னு தெரியும். இந்த வருஷம் டோருன் கூட்டிட்டுப் போறேன்னான். அதனாலதான் உன்னைத் தைரியமா ஹெல்ம்னோ கூப்பிட்டேன். கடைசில இங்க வந்து தொலைச்சிருக்கானே!"

"அப்ப வேற ஊரா இருந்திருந்தா, நான் உன் பக்கத்துல நின்னு இன்னும் பத்து வருஷம் பாடிட்டே இருந்திருப்பேன். நீயும் சிரிச்சுக்கிட்டே வாசிச்சிருப்ப."

"அவன் என் சிநேகிதன், மிர்க்கா."

"நான் யாரு?"

ஜிகா அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். அவள் நன்றி சொல்லவில்லை, கதவையும் அறையவில்லை.

விட்டெக் மறுநாள் மதியம்தான் வந்தான். கொர்னேலியா கதவைத் திறக்காததால், காரிலேயே உட்கார்ந்திருந்திருப்பான் போல. சட்டை கசங்கி, கண் உள்ளே போயிருந்தது. மிர்க்கா சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உன்னைக் கஷ்டப்படுத்தணும்னு நான் நினைக்கல" என்றான்.

"எத்தனை வருஷமா?"

"கொஞ்ச வருஷமா. நான் முடிச்சுக்கணும்னுதான்..."

"அந்தத் தேதியைத் திட்டினியே, ஒவ்வொரு வருஷமும். நானும் உன்கூடச் சேர்ந்து திட்டினேன். கடையில பொண்ணுங்களைக் கேலி பண்ணேன். குழந்தை கொண்டுவந்த அட்டையைப் பார்த்துச் சிரிச்சோமே ரெண்டு பேரும்!" அவள் கத்தியை வைத்தாள். "உனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சு நேத்து உன்கிட்ட சொல்லாமப் போனதுக்கு வழியெல்லாம் நான் தவிச்சேன்டா. நான்தான் உன்னை ஏமாத்தறேன்னு தவிச்சேன்."

"முதல்ல எல்லாம் நிஜமாவே பிடிக்காது, மிர்க்கா. அவளுக்காகத்தான்..."

"சரி. அவளுக்காகப் பிடிச்சுது. மூணாவது சரணம்? என்கிட்ட இருந்த வரைக்கும் அது ஏன் வரல?"

அவன் மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டினான். பொய் சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை.

"நீ எப்பவும் பக்கத்துலயே இருந்த" என்றான். "பக்கத்துல இருக்கற ஆளுக்கு எனக்கு எழுத வரல."

மிர்க்கா நறுக்கிய முட்டைக்கோஸைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டாள். பிறகு, "துணியெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். ரெண்டு பெட்டி, ஹால்ல இருக்கு" என்றாள். "கிதாரை மறக்காம எடுத்துக்க."

அவன் போன பிறகு போஸ்னானில் படிக்கும் மகளுக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொல்ல எடுத்தவள், அதைச் சொல்வதற்கு முன், "லிட்கா, அந்தப் பையன் பேரு என்னடி? சின்ன வயசுல உனக்கு அட்டை கொடுத்தானே?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

வசந்தம் வந்தது. மிர்க்கா வேறொரு குழுவில் சேர்ந்துகொண்டாள். ஜிகா இரண்டு முறை கடைக்கு வந்து, திரைச்சீலை பார்ப்பதுபோல நின்றுவிட்டுப் போனான். அவள் அவனுக்கு விலை சொன்னாளே தவிர வேறு எதுவும் பேசவில்லை. கொர்னேலியா ஒருமுறை போன் செய்தாள். "எனக்குத் தெரியாதுங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். "தெரியும்மா, உனக்குத் தெரியாதுன்னு" என்றாள் மிர்க்கா. அந்தப் பெண் விட்டெக்கைத் திரும்ப வீட்டுக்குள் விடவில்லை என்பது மட்டும் காதில் விழுந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. கோயிலில் மந்திரித்து வாங்குவதற்காகக் கூடையில் வண்ண முட்டை, ரொட்டி, உப்பு, தொத்திறைச்சி எல்லாம் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி போட்டு மிர்க்கா கிளம்பினாள். கதவைத் திறந்தால் படியில் விட்டெக், கிதாரோடு. இளைத்திருந்தான்.

"உனக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கேன்" என்றான். "புதுசு. முழுசு. உனக்கு மட்டும்."

துரத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் பாடகி. ஒரு பாட்டைக் கேட்காமலே தள்ளி அவளுக்குப் பழக்கமில்லை. "பாடு" என்றாள், கூடையை இடுப்பில் அணைத்தபடி.

அவன் படிக்கட்டில் நின்று பாடினான். எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. நல்ல பாட்டு. காலியான நாற்காலி, ஆறிப்போன டீ, திரும்பி வரத் தெரியாதவன். கடைசி வரியில் அவன் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பக்கத்தில் இல்லை. அதனால் அவனுக்கு எழுத வந்திருக்கிறது.

"நல்லா இருக்கு விட்டெக்" என்றாள். "ரெண்டாவது அடியில ஒரு சொல் அதிகம், அதை எடுத்துடு."

"மிர்க்கா..."

"அடுத்து யார் வர்றாளோ அவளுக்குப் பாடு. பேரை மட்டும் மாத்திக்க."

கதவைப் பூட்டிவிட்டு அவனைத் தாண்டிப் படியிறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகு கூடையைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு காதில் ஓடிக்கொண்டே இருந்தது; அவள் விரும்பாமலே அது மனப்பாடமாகிவிட்டிருந்தது. அதில் எவ்வளவு தனக்கானது, எவ்வளவு கொர்னேலியாவுக்கானது என்று இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

கோயில் வாசலில் வரிசை நீண்டிருந்தது. முன்னால் நின்ற பெண் திரும்பி, "மிர்க்காதானே? மே மாசம் என் மகளுக்குக் கல்யாணம். வந்து பாடுவீங்களா?" என்று கேட்டாள்.

"எந்தச் சனிக்கிழமை?" என்றாள் மிர்க்கா.